இடது முழங்கால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:
நான் பியானோ.
பத்தொன்பது கோடைகள், கிளீத்தோர்ப்ஸ் கடல்பாலத்து அரங்கில்
லென் ஆஸ்கர்பியின் முதுகுக்குப் பின்னால்.
தொப்பி விழுந்தால் ஒரு கட்டை,
எடுத்தால் இன்னொரு கட்டை.
என்னை யாரும் பார்த்ததில்லை.
நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

அதற்குமுன் லென் கிரிம்ஸ்பித் துறையில் மீன் அறுத்தவன்.
உறைபனிக் காலையொன்றில் பெட்டிகள் சரிந்து
இடது முழங்காலைக் கொண்டுபோயின.
ஆஸ்பத்திரியில், பொழுது போகாமல்,
பக்கத்துக் கட்டில்காரனுக்கு
ஆல்ஃபி டிம்ஸாக நடித்துக் காட்டினான்.
குடலிறக்கத் தையல் பிரியும்வரை சிரித்தானாம் அந்த மனிதன்.
"அங்கதான் வேலை கிடைச்சது" என்பான் லென்.

ஆல்ஃபியை உங்களுக்குத் தெரிந்திருக்காது.
போர் முடிந்த வருஷங்களில்
மேடையில் நின்று எதையோ தேடிக்கொண்டே இருந்தவர்.
மேல்பை, உள்பை, பின்பை, காலுறை,
முன்வரிசைப் பெண்மணியின் கைப்பை.
கிடைக்காது.
"இப்பத்தான் இங்க இருந்துச்சு" என்பார்.
அவ்வளவுதான் நகைச்சுவை.
வீட்டுக்கொரு காலி நாற்காலி இருந்த நாடு அது;
விழுந்து விழுந்து சிரித்தது.

லென் அந்தத் தேடலை எடுத்துக்கொண்டான்,
திருட்டு என்று தெரிந்தே, நன்றியோடு.
சுவரொட்டியில் அவர் பெயர் ஆளுயரம்,
இவன் பெயர் கடுகு.

ஒருமுறை ஆல்ஃபிக்கே கடிதம் போட்டான்.
பதில் அஞ்சலட்டையில் வந்தது, பச்சை மையில்:
"நன்றாகச் செய்கிறீர்களாம். மகிழ்ச்சி.
ஆனால் நான் நொண்டுவதில்லை."

மூன்று வாரம் நேராக நடந்தான்.
பல்லைக் கடித்துக்கொண்டு,
ஒவ்வொரு அடியும் எனக்குக் கேட்கும்படி.
நான்காம் வாரம் மதுக்கூடத்து வெரோனிகா
குவளையைத் துடைத்தபடி சொன்னாள்:
"என்னமோ போ, முன்ன மாதிரி ஆல்ஃபியா இல்ல."
அன்றிரவே கால் திரும்பி வந்தது.

ஒரு பிப்ரவரியில் ஆல்ஃபி செத்துப்போனார்.
ஹல் நகரத்துப் பத்திரிகை இரங்கலோடு போட்டது
லென்னின் படத்தை.
"நான் போயிட்டேன், வெண்ணெயை இப்படித் தள்ளு" என்றான்
காலை உணவு மேசையில்.
மறுநாள் திருத்தம் வந்தது:
இரண்டு வரி, ஓத அட்டவணைக்குக் கீழே.
அந்த வாரம் ஏழு நிகழ்ச்சிகள் பதிவாயின.
என் சம்பளமும் ஏறியது; வாங்கிக்கொண்டேன்.

பிறகு சிரிப்பவர்களும் ஒவ்வொருவராகச் செத்தார்கள்.
அரங்கில் பிங்கோ வந்தது.
விடுமுறைக் கூடார முகாம்களில், மாலை நான்கு மணிக்கு,
ஈரத் துண்டு போர்த்திய குழந்தைகள் கேட்டார்கள்:
"என்னதான் தேடுறீங்க?"
லென்னுக்குப் பதில் தெரியவில்லை.
நாற்பது வருஷத்தில் முதல்முறையாக அதை யோசித்தான்,
மேடையிலேயே, வாய் திறந்தபடி.
நான் சும்மா ஒரு கட்டையைத் தட்டிவைத்தேன்.

போன ஆகஸ்டில் ஸ்கெக்னெஸ் போயிருந்தோம்.
சுவரொட்டியில் பழைய ஆளுயர ஆல்ஃபி,
கடுகு எழுத்தில் புதுப் பெயர்: ரயன் கோல்பெக்.
கடைசி வரிசையில் உட்கார்ந்தோம்.
பையனுக்கு இருபத்தாறு இருக்கும்.
மேல்பை, உள்பை, பின்பை.
பிறகு தொப்பியை நோக்கி நடந்தான்,
இடது காலை இழுத்து,
பாதத்தை அரைவட்டமாக வீசி.

லென்னின் கை முழங்காலைத் தொட்டுப் பார்த்தது.
இருந்தது.

மீன் பெட்டி, பனி, அலறல்,
நான்கு மாதக் கட்டில், அதன்பின் ஒவ்வொரு மழைநாளும்,
எல்லாம் அங்கே ஒரு முழுக்கால் உடம்பில்
வலியில்லாமல் நடந்துபோய்க்கொண்டிருந்தது.
கூட்டம் சிரித்தது.
நல்ல சிரிப்பு. நேரம் தவறாத சிரிப்பு.
லென்னும் சிரித்தான், கொஞ்சம் பிந்தி.

வெளியே வரும்போது வாசல் காவலாளி
அவன் நடையைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான்:
"தாத்தா, அப்படியே ரயன் மாதிரி!"

லென் நின்றான். தொப்பியைச் சரிசெய்தான்.
"பழகிக்கிட்டிருக்கேன் தம்பி" என்றான்.

கடல் வழக்கம்போல் எங்கோ தொலைவில் கிடந்தது.
கார் சாவிக்கு
எல்லாப் பைகளையும் துழாவினான்.
அது என்னிடம் இருந்தது.
கொஞ்ச நேரம் தேடவிட்டேன்.