டில்ட்

மே மாதம் நூற்றெண்பது வோல்ட்தான் வருகிறது
காந்தி ரோட்டுப் பின்சந்தில்.
கண்ணாடியில் வரைந்த நீச்சல்காரிக்கு முகம் மட்டும் எரிகிறது.
மட்டைகள் இரண்டும்
மதியச் சோற்றுக்குப் பின் எழுப்பிவிட்டவனைப் போல
பாதி எழுந்து விழுகின்றன.

மூன்று பின்பால் மெஷின்கள்.
தங்கவயலில் ஒரு கிளப்பை மூடியபோது ஏலத்தில் எடுத்தேன்.
நீச்சல்காரி, குதிரைப் பந்தயம்,
கண்ணாடி உடைந்ததால் பெயரில்லாத ஒன்று.
பில்லியர்ட்ஸ் மேசையும் சேர்த்துத் தள்ளிவிட்டான்,
அது படியேறவில்லை, விறகாயிற்று.

கீழே லாட்ஜ்.
அகர்தலா, சில்சர், மிதுனாபூர்;
எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்.
ரிப்போர்ட் நாலு மணிக்கு என்றால்
பன்னிரண்டுக்கே என் மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

மூடியைத் தூக்கினால் உள்ளே
துணி சுற்றிய ஒயர்,
சிவப்பு பச்சை எல்லாம் போய் ஒரே பழுப்பு.
வரைபடம் இல்லை.
குதிரை ஓடவில்லை என்று இரண்டு நாள் தேடினேன்.
ரிலேயின் இரண்டு நாக்குக்கு நடுவே
கருகிய ஒரு கட்டெறும்பு.
எறும்பைக் கொல்ல மட்டும் வோல்டேஜ் போதுமாக இருந்திருக்கிறது.

ரப்பர் வளையம் எங்கும் கிடைக்காது.
மருந்துக்கடையில் டியூப் வாங்கி அறுத்து ஒட்டுகிறேன்.
'எந்த வார்டு?' என்று கேட்டான் பையன்.
'நீச்சல்காரிக்கு' என்றேன்.
பில்லில் அப்படியே எழுதிக்கொடுத்தான்.

காயில் எரிந்தால் தோட்டப்பாளையம், தனகோட்டி.
பம்ப்செட் மோட்டார் கட்டுகிற கை.
'தொள்ளாயிரம் சுற்று' என்று மூன்று தடவை சொன்னேன்.
அறுநூறில் டீ வந்திருக்க வேண்டும்.
அந்த மட்டை இப்போது
பந்தை மேல்கண்ணாடியில் அடிக்கிறது.
பசங்களுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

அப்புறம் டில்ட்.
உள்சுவரோரம் கொத்தனார் தூக்குக்குண்டு மாதிரி ஒன்று,
சுற்றிலும் ஒரு பித்தளை வளையம்.
மெஷினை இடித்தால் குண்டு ஆடி வளையத்தைத் தொடும்,
மட்டை செத்துவிடும், ஆட்டம் முடிந்தது.
குண்டை மேலேற்றினால் மெஷினுக்குப் பொறுமை கூடும்.
ஆக, கோபத்துக்கு எவ்வளவு இடம் என்பதை
ஒரு திருகு தீர்மானிக்கிறது,
திருகை நான்.
சனிக்கிழமை, காலேஜ் கூட்டம்: கீழே இறக்குவேன்.
மற்ற நாள், லாட்ஜ் கூட்டம்: மேலே.
யாரிடமும் சொன்னதில்லை.
சொல்லிக்கொள்ளாத தருமம் என்று
உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

சில்சர்க்காரி சுபர்ணா ஐந்து நாள் வந்தாள்.
இடிக்கவே மாட்டாள்.
பந்து இரு மட்டைக்கும் நடுவே விழுந்தால்
விழட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பாள்,
பஸ் போவதைப் பார்ப்பது போல.
வியாழக்கிழமை நாலரைக்கு ஏறி வந்தாள்.
கையில் காசில்லை, பிளாஸ்டிக் உறை மட்டும்.
டோக்கன் கொடுத்தேன்.
பந்தை இழுத்து விட்டாள்,
பிறகு பெட்டியின் இரு ஓரத்தையும் பிடித்து
உலுக்கத் தொடங்கினாள்.

கால்கள் தரையில் ஒரு சாண் நகர்ந்தன.
விளக்கெல்லாம் எரிந்தது.
மணிகள் அடித்தன.
பத்து, நூறு, நூறு, ஆயிரம் என்று
பாயின்ட் ஏறிக்கொண்டே இருந்தது.
குண்டு எட்டாத உயரத்தில் ஆடியது.
நான் வைத்த உயரம்.
எத்தனை உலுக்கினாலும் நீச்சல்காரி
சிரித்தபடி பரிசு கொடுத்தாள்.

'நிறுத்து' என்றாள்.
ஆட்டோக்காரர்களிடம் கற்ற தமிழ்.
யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.
நான் பிளக்கைப் பிடுங்கினேன்.
இருட்டில் பந்து மட்டும்
தன் பாட்டுக்கு உருண்டு வந்து குழியில் விழுந்தது.

பழைய மெஷினில் எண்கள் சக்கரத்தில் இருக்கும்.
கரண்ட் போனாலும் அழியாது.
நாற்பத்தோராயிரத்து எழுநூற்றறுபது
வெள்ளிக்கிழமை பூராவும் அப்படியே நின்றது.
நீச்சல்காரி ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன்.
லாட்ஜில் அவள் அறைக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

சனி காலை நான் குளிக்கப் போன நேரம்
காலேஜ் பையன் ஒருவன் பிளக்கைச் செருகி டோக்கன் போட்டிருக்கிறான்.
கடகடவென்று சக்கரங்கள் சுழிக்கு ஓடும் சத்தம்
பாத்ரூம்வரை கேட்டது.

திருகைக் கையில் வைத்துக்கொண்டு
மூடியைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.
குண்டு இன்னும் லேசாக ஆடுகிறது.
தெருவில் ஏதோ லாரி.