வல்லம் லாயக் கணக்கு

விரோதி வருஷம், தை பதினொன்று.
புதிதாய்ச் சேர்ந்த சிலேதார்: தராப் கான்.
தகப்பன் ஸர்பராஸ்.
ஊரைச் சொன்னான். எழுத என்னிடம் எழுத்தில்லை.
'வடக்கே' என்று கீறினேன்.
அடையாளம்: இடப்புருவத்தில் வெட்டு,
வலக்கைச் சுண்டுவிரலில் பாதி.

ஆளுக்கு அவ்வளவுதான். குதிரைக்குத்தான் ஓலை நீளும்.
சாம்பல் நிறம், வயது ஐந்து,
பின்னங்கால் இரண்டும் வெள்ளை, நெற்றியில் இரட்டைச் சுழி,
தொடையில் நம் சூட்டுக்குறி, இன்னும் ஆறாதது.
பெயர் பாரான்.
எங்கள் பக்கம் மழைக்கு அந்தப் பேர் என்றான்.
சிரித்துவிட்டேன்.
மழையின்மேல் ஏறி இந்த ஊருக்கா வந்தாய்?

குதிரைக்கு ஆன நாடில்லை இது.
வரப்பு ஒரு சாண்.
ஆடியில் தண்ணீர் வந்தால்
தை வரைக்கும் நிலம் என்பது வெறும் பேச்சு.
வல்லத்துச் செம்பாறை மேட்டில் மட்டும்
லாடத்துக்குச் சத்தம் உண்டு.
முதல் கார்த்திகையிலேயே பாரானுக்குக் குளம்பு அழுகியது.
வேப்பெண்ணெயும் கையுமாய் மூன்று இரவு
அதன் காலடியில் கிடந்தான்.

அவன் கற்ற முதல் தமிழ்: 'ஆழமா?'
இரண்டாவது: 'பாக்கி எப்போது?'
முதலாவதைச் சொல்லித் தந்தவள்
வெண்ணாற்றில் எருமை மேய்க்கும் செங்கமலம்.
எருமை இறங்கும் துறையில் இறங்கு,
அது முகம் சுளிக்கும் இடம் உளை என்றாள்.
இரண்டாவதைச் சொல்லித் தந்தது நாங்கள்.

கர வருஷம் ஜமேதார்.
விஜயத்தில் கோட்டை விழுந்தது, கொடி மாறியது.
யார் உப்பைத் தின்கிறாய் என்று கேட்டார்கள்.
'கொள்ளு யாருடையது?' என்றான்.
துர்முகியில் பழைய கொடி திரும்பி வந்தது.
பாக்கி வரவில்லை.

பிலவத்தில் மைசூர்க் குதிரைகள் வந்தன.
எத்தனை என்று
கணக்கன் நானே எண்ணவில்லை.
மதகுகள் உடைந்தன, போர்கள் எரிந்தன,
மாட்டை ஓட்டிப் போனார்கள், பிறகு மாட்டுக்காரர்களை.
மாசிக் கடைசியில் சாலியமங்கலத்து ஜனம்
முந்நூறு பேர், இருட்டோடு வெண்ணாற்றைக் கடந்தோம்.
கணக்குக் கட்டு என் தலையில்.
தண்ணீர் முழங்காலுக்குக் கீழே.
காவலுக்கு அவனும் பதினெட்டுக் குதிரைகளும்.

விடியும்போது பின்கரையில் அவர்கள்.
முன்னால் நின்றவன் கூவினான்,
இவன் பாஷையில்.
பன்னிரண்டு வருஷமாய்
லாயத்தில் குதிரைக்கு மட்டுமே கேட்ட பாஷை.
இவன் பதில் கூவினான். அவன் நம்பவில்லை போலும்.
கான் பாரானின் கழுத்தில் கை வைத்தான்.
துறையை விட்டு இருபது பாகம் மேலே போய்
எருமை முகம் சுளிக்கும் இடத்தில்
இறங்கினான்.

உளை என்றால் சேறு.
உளை என்றால் குதிரையின் பிடரியும்தான்.
இரண்டும் ஒன்றாவதை நான் பார்த்தேன்.
அக்கரைக்காரர்கள் கடிவாளத்தைத் திருப்பினார்கள்.
ஒருவன் மட்டும் கொஞ்சம் நின்றான்.

நாணலைப் பிடித்து ஏறி வந்தவனிடம் கேட்டேன்,
என்ன கேட்டான் அவன்?
'ஆழமா என்றான்.'

சட்டம் தெளிவானது.
செத்த குதிரைக்கு வாலும் சூட்டுக்குறித் தோலும்
அறுத்துக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.
காட்டாதவனுக்கு ஈடு இல்லை,
குதிரை இல்லாத சிலேதாருக்கு வரியே இல்லை.
வெறும் கயிற்றோடு வரிசையில் நின்றான்.
தோல் எங்கே என்று கேட்க வேண்டியவன் நான்.
கேட்கவில்லை.
'பாரான், சாம்பல், நலம்' என்று கீறினேன்.

கூலியை இரண்டு தரம் எண்ணினான்.
என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.
அந்த மாதம் மற்றத் தொட்டிகளில்
கொள்ளு ஒரு கை கூடியிருந்தது.

சௌமிய வருஷம், தை. தணிக்கைக்குப் புது ஆள்.
ஓலையில் விரல் வைத்துக் கேட்கிறார்:
இந்தச் சாம்பல் எங்கே?
மேய்ச்சலில், என்கிறேன்.
வயது?
இருபத்தைந்து.
அவ்வளவு வயதுக் குதிரையா? பல் இருக்கிறதா?

இருக்கிறது, எஜமான்.
தண்ணீர் வற்றும் காலத்தில்
வெண்ணாற்றில் போய்ப் பாருங்கள்.