ஆறு மீட்டர்

லா சியோத்தாத் துறைமுகத்தில்
முக்குளிப்பு நிலையங்கள் மூன்று.
முதலாவதன் கதவில் ஒரு காகிதம்:
சாப்பிடப் போயிருக்கிறோம்.
எப்போது திரும்புவார்கள் என்று எழுதவில்லை.
கண்ணாடிக்குப் பின்னால் ரப்பர் உடுப்புகள்
தலையில்லாமல் வரிசையாகத் தொங்கின.
நேற்று இறங்கியவர்கள் போலிருக்கிறது
என்றாள் பெலிசித்தே.

நாத்தனாரோடு விடுமுறைக்கு வந்தால் இப்படித்தான்.
அவள் அண்ணன் என்னைவிட்டுப் போனான்.
அவள் போகவில்லை.

இரண்டாவதில் இருந்த பையன்
எங்களைத் தாண்டிப் பார்த்தான்,
முக்குளிக்க வந்தவர்கள்
எங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பதுபோல.
படகுச் சவாரி பக்கத்துக் கடை, மதாம்.
நாற்பத்தொன்பது வயது, எண்பத்திரண்டு கிலோ,
லியோன் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
பத்தொன்பது வருடம் நீராவி குடித்தவள்,
என்னிடமா மூச்சைப் பற்றிப் பேசுகிறாய் தம்பி
என்று சொல்லத்தான் நினைத்தேன்.
பிரெஞ்சில் கோபப்பட எனக்கு
எப்போதும் ஒரு நிமிடம் தாமதமாகும்.
அதற்குள் தெருமுனைக்கு வந்துவிட்டோம்.

மூன்றாவது,
கப்பல் பட்டறைக் கிரேன்களின் நிழலில்
ஒரு தகரக் கொட்டகை.
காற்றடைக்கும் எந்திரம் இருமிக்கொண்டிருந்தது.
எர்வே என்று ஒருவர்,
கையில் பாதி கடித்த பீச் பழம்.
எதையும் விற்க முயலவில்லை.
காதில் கோளாறு?
இல்லை.
இதயத்தில்?
பெலிசித்தே என்னைப் பார்த்தாள்.
இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
நீச்சல் தெரியாதே என்றேன் மெதுவாக.
மிதக்கவா வந்தீர்கள், என்றார்,
மூழ்கத்தானே.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
இங்கே சுவரிலேயே எழுதியிருந்தது:
ஆறு மீட்டர், எழுபது யூரோ.

தண்ணீர் இதமாக இருக்குமா?
விளம்பரத் தாளில் இருபத்துநான்கு டிகிரி.
முந்தாநாள் வரை, என்றார்.
மிஸ்த்ரால் காற்று ஒரே இரவில்
மேல்தண்ணீரை வழித்துக்கொண்டு போய்விட்டது,
பாலாடையை வழிப்பதுபோல.
இன்று பதினைந்து.
வெள்ளிக்கிழமை திரும்பி வரும்.

எங்கள் ரயில் வியாழன்.

உடுப்பை எனக்கு மாட்ட இரண்டு பேர் இழுத்தார்கள்.
நாளுக்கு முந்நூறு தலையணைக்கு உறை மாட்டியிருக்கிறேன்.
அந்த வேலையைத் தலையணையாக இருந்து பார்ப்பது
இதுதான் முதல்தடவை.

விரல்களால் வட்டம் போட்டால், சரி.
கட்டைவிரலை உயர்த்தினால்
பிரமாதம் என்று அர்த்தமில்லை:
போதும், மேலே போவோம்.
திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

குளிர் முதலில் கழுத்தின் பின்புறம் நுழைந்தது,
திருட்டுப் பூனை மாதிரி.
மூன்றாவது மீட்டரில் காது குத்தியது.
மூக்கைப் பிடித்து ஊதினேன்,
உள்ளே எங்கோ ஒரு தாழ்ப்பாள் விலகியது.
எர்வே விரல் வட்டத்தைக் காட்டினார்: சரியா?
தலையாட்டினேன்.
நம்முடைய ஆட்டல்,
இடமும் வலமுமாக, லேசாக,
அதற்கென்ன, போகலாமே என்று.

அவர் கண்கள் முகமூடிக்குள் பெரிதாயின.
தோள்வாரைப் பற்றி
நேரே மேலே கொண்டுவந்துவிட்டார்.

என்ன ஆயிற்று, மதாம்?
ஒன்றும் ஆகவில்லையே. சரி என்றேன்.
இல்லை என்றீர்கள்.
சரி என்றேன்.
படகிலிருந்து பெலிசித்தே
துவாலையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள்.
சிரிப்பு அடங்கிய பிறகு
அவருக்கு விளக்கினாள், தலையை ஆட்டி ஆட்டி.
அவரும் ஒருதரம் ஆட்டிப் பார்த்தார்.
வரவில்லை.

மறுபடி இறங்கினோம்.
இந்தமுறை கழுத்தைக் கல்லாக்கிக்கொண்டேன்.

அடியில் பவளம் இல்லை, நிறமுள்ள எதுவும் இல்லை.
கடற்புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து
மறுபக்கம் சாய்ந்தது.
யாரோ எறிந்த வெள்ளை நாற்காலி ஒன்று,
அதன் கால்களுக்கிடையே விரலளவு மீன்கள்
வாடகை கொடுத்துக் குடியிருப்பவைபோல் அடக்கமாக.
என் மூச்சின் ஓசை மட்டும்.
உள்ளே இழுத்தால் அது ஒரு நீளம்,
வெளியே விட்டால் குமிழிகள்.
இத்தனை வருடத்தில்
இதை நான் கேட்டதே இல்லை.
சலவை எந்திரங்கள் விட்டதில்லை.

சரியா?
வட்டம் காட்டினேன்.
நாற்காலியில் உட்காரலாமா என்று கேட்க
எனக்குச் சைகை தெரியவில்லை.

படகில் ஏறியபோது உதடு நீலம்.
குளிருதா, என்றாள் பெலிசித்தே.
பல் அடித்த அடியில் வார்த்தை வரவில்லை.
தலையை ஆட்டினேன்.
அவளுக்குப் புரிந்தது.