இருபது போதும்

ஐப்பசி பிறந்து எட்டு நாள்.
நீடாமங்கலத்தில், உரக்கடை மாடியில்,
யூரியா நெடி படியேறி வரும் அறையில்
நான், ஒரு மேசை விசிறி,
நெல் கொள்முதலுக்கு டோக்கன் தருகிற ஒரு செயலி.

காலை ஆறுக்குப் பதிவு திறக்கும்.
ஆறு மணி ஒரு நிமிடத்துக்குச் செத்துப்போகும்.
நான்கு நாளாக இதே நேரத்துக்கு இதே சாவு.
வலங்கைமானிலிருந்து ஒருவர் அழைத்தார்.
"சுத்திக்கிட்டே இருக்கும்மா" என்றார்.
வேறெதுவும் சொல்லவில்லை.
பின்னால் தார்ப்பாய் படபடத்துக்கொண்டிருந்தது.

முதல் நாள் நூறு இணைப்பை இருநூறாக்கினேன்.
மறுநாள் திருச்சியிலிருந்து அமலநாதன் சார்
"நானூறு வை. கேக்கறவனுக்கெல்லாம் குடு" என்றார்.
வைத்தேன்.
நானூறு கைகள் ஒரே பேரேட்டைப் பிடித்திழுத்தன.
எழுதத்தான் யாருக்கும் முடியவில்லை.
டேட்டாபேஸ் தன் நினைவையெல்லாம்
வந்தவர்களுக்கு நாற்காலி போடுவதிலேயே செலவழித்துவிட்டு
மயங்கி விழுந்தது.

மதகு, முறைப்பாசனம் என்று
இந்த ஊரில் உவமை கையெட்டும் தூரத்தில் கிடக்கிறது.
வெண்ணாற்றைத் தாண்டித்தான் தினமும் வருகிறேன்.
ஆனால் எனக்கு உறைத்தது ஆற்றில் அல்ல,
கீழே, கடையில்.

டிஏபி மூட்டை இறங்கிய நாள்.
ஜக்கரியாவிடம் கைரேகைக் கருவி ஒன்றே ஒன்று.
ஷட்டரை முழுக்கத் தூக்கியிருந்தான்.
முழங்கையை மடக்க இடமில்லாமல்
ஒரு மணி நேரத்தில் ஒன்பது பேருக்கு பில் போட்டான்.
பிறகு எரிச்சலில் ஷட்டரைப் பாதி இறக்கி
ஐந்தைந்து பேராக விட்டான்.
அடுத்த மணி நேரத்தில் நாற்பது.
நான் படியில் உட்கார்ந்து எண்ணினேன்,
சோற்று டப்பா மடியில் ஆறிக்கொண்டிருக்க.

அன்றிரவு நானூறை அழித்து
இருபது என்று எழுதினேன்.
கை கூசியது.
கொடுக்கிறதைக் குறைப்பதற்கா சம்பளம்?

கூடவே ஓர் ஓட்டையும் அகப்பட்டது.
ஆதார் எண் தப்பாக வந்தால்
வாங்கிய இணைப்பைத் திருப்பித் தராமலே
நழுவி வெளியேறுகிற ஒரு வரி.
எழுதியவர் பெயரைத் தேடினால்
நான்தான்.
மார்ச் மாதம், காய்ச்சலோடு.

பாக்கிப் பேருக்கு என்ன சொல்வது?
பழைய வாசகம்:
தொழில்நுட்பக் கோளாறு, பிறகு முயலவும்.
கோளாறு இல்லை, பிறகும் இல்லை. அதைத் தூக்கினேன்.
உங்களுக்கு முன் இத்தனை பேர்,
பக்கத்தை மூட வேண்டாம் என்று போட்டேன்.
'தயவுசெய்து' சேர்க்கலாமா என்பதில்
இரண்டு மணி வரை போனது.
சேர்க்கவில்லை.

ஆறு மணி.
கோடு இருபதில் முட்டி, அங்கேயே படுத்துக்கொண்டது.
ஆறு ஒன்று. ஆறு இரண்டு.
விசிறியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்,
அதன் சத்தம் எதையாவது கலைத்துவிடும் போல.
சார் அழைத்தார்: "என்ன, இருபதா? குறைச்சிட்டியா?"
"ஓடுது சார்" என்றேன்.
ஆறு பதினாலுக்கு வரிசை காலி.

வலங்கைமான்காரர் மறுபடி அழைத்தார்.
"எனக்கு முன்னாடி ஐநூத்தி எண்பத்தெட்டு பேருன்னு போட்டுது.
சரின்னு டீ குடிச்சிட்டு வந்தேன். கெடச்சிட்டு."
"எந்தத் தேதிங்க?"
"இருபத்தி மூணு."
விரல் விட்டேன். இன்னும் பதினைந்து நாள்.
"நெல்லு எங்க இருக்கு?"
"ரோட்டுலதான்."

நிலையத்தில் தராசு ஒன்று.
சாக்கு தைக்கிற ஆள் இரண்டு.
அந்த எண் எந்தக் கோப்பில் இருக்கிறதென்று
அவரும் கேட்கவில்லை,
எனக்கும் தெரியாது.

ஆறே முக்காலுக்கு மழை பிடித்தது.