நூற்றைம்பத்தெட்டுக் கடல்மைல்

பலாலியில் நான் காற்றை அளக்கிறவன்.
மட்டக்களப்பில் ஜெயரூபி.
மணிக்கொருதரம் நாங்கள் எழுதும் இலக்கங்கள்
ஒரே திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாய் வரும்.
இடையில் ஒரு வரி வெளி.

வரைபடத்தில் அடிமட்டம் வைத்தால்
நூற்றைம்பத்தெட்டுக் கடல்மைல்.
சின்ன விமானத்துக்கு ஐம்பத்தைந்து நிமிடம்,
எதிர்காற்றென்றால் ஒரு மணித்தியாலம்.
அந்தச் சின்ன விமானம்தான் இல்லை.

இங்கிருந்து கடல் தாண்டிச் சென்னைக்குப் போகலாம்.
என் மனைவியிடம் போக முடியாது.
இரண்டு விமான நிலையத்துச் சம்பளத்தில்
நாலு வருசமாய் ஒரு குடும்பம்
பஸ்ஸில் நடக்கிறது.

வெள்ளி இரவு வெளிக்கிட்டால்
ஆனையிறவில் யன்னலால் அடிக்கும் காற்று
பின்னேரம் நானே எழுதிவைத்த காற்று.
மாங்குளத்தில் கழுத்துப் பிடிக்கும்.
வவுனியாவில் பிளேன்ரீ, சீனி கூட.
ஹொரவப்பொத்தானைக்கு அங்கால் எல்லாரும் நித்திரை,
டிரைவரும் நித்திரையோ என்று
நான் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.
ஒன்பது மணித்தியாலம்,
ரோட்டில் யானை நிற்காவிட்டால்.

போன மாதம் அவள் இங்கு வந்து திரும்புகையில்
குளியலறை விளிம்பில் மூக்குக்கண்ணாடியை விட்டுப் போனாள்.
கண்ணாடி இல்லாமல் அவளுக்கு
எல்லா முகிலும் ஒரே முகில்.
இரண்டு நாள் அவளது வரியில்
'முகில் உண்டு' என்ற அளவில்தான் வானம் இருந்தது.

புதன்கிழமை ஒரு பயிற்சி விமானம்.
பன்னிரண்டு இருக்கை, ஒருவரும் இல்லை.
பலாலி, மட்டக்களப்பு, இரத்மலானை.
நான் ஏறலாமோ என்று கேட்டேன்.
சட்டம் இல்லை என்றார் கப்டன் தெனுவர,
உண்மையாகவே கவலைப்பட்டு.
கண்ணாடி ஏறலாமோ?
சிரித்தார். சேட்டுப் பொக்கற்றில் போட்டு
பொத்தானைப் பூட்டினார்.

ஒன்பது பன்னிரண்டுக்கு எழும்பியது.
வடகிழக்குக் காற்று, எட்டு நொட்.
பார்வைத்தூரம் பத்துக் கிலோமீற்றர்,
அதற்கு மேல் எழுத எங்களுக்குப் பெட்டி இல்லை.
மணிக்கூட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டேன்:
இப்போது கிளாலிக் கடல்.
இப்போது நெடுங்கேணிக் காடு.
வலப்பக்கம் கந்தளாய்க் குளம் மினுங்கும்.
நானும் அவளும் ஒருநாளும் காணாத வழியில்
அவளது கண்ணாடி போகிறது,
இரண்டு கண்ணும் முழுதாய்த் திறந்து,
ஒரு பொக்கற்றின் இருட்டுக்குள்.

பத்து மணிக்கு மட்டக்களப்பு வரி வந்தது:
முகில் உண்டு.
அவ்வளவுதான்.
நான் தேநீர் வாங்கவும் எழும்பவில்லை.

பதினொரு மணி.
எட்டில் நாலு பங்கு திரள்முகில், ஆயிரத்தெண்ணூறு அடி.
மிக உயரே கீற்றுமுகில்,
எட்டில் ஒரு பங்கு,
வடக்குப் பக்கமாய்.

அந்தக் கடைசிச் சொல்லை எழுதச் சொல்லி
எந்த விதியும் இல்லை.

பிறகுதான் செய்தி வந்தது:
'கிடைச்சிட்டு. மறுகா கதைப்பம்.'
என் பிறகுக்கும் அவளது மறுகாவுக்கும்
எவ்வளவு தூரம் என்று
இன்னும் ஒருவரும் அளக்கவில்லை.
கண்ணாடியில் கப்டனின் பெருவிரல் அடையாளம் இருந்ததாம்.
துடைத்துவிட்டாளாம்.

வெள்ளி இரவு. நடத்துநர் ரிக்கற் கிழிக்கிறான்.
எங்க இறக்கம் அண்ணை?
மட்டக்களப்பு. ஏயாப்போட்டுக்குக் கிட்ட.
விடிய பிளேன் ஏதும் பிடிக்கவோ?
ஓம், என்றேன்.
மிச்சக் காசை எண்ணாமல் வாங்கினேன்.