இன்னொரு செட்

ஸ்டேடியம் கேட்டுக்கு எதிரில் என் வண்டி.
தட்டுவடை மேல் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி,
துருவிய பீட்ரூட், வெங்காயம்,
தலைக்கு மேல் இன்னொரு தட்டுவடை வைத்து
அமுக்கினால் ஒரு செட்.
உள்ளே அவர்கள் சொல்கிற செட் வேறு.
இன்றைக்கு அதில் மூன்றையும் வரிசையாகத் தோற்றுவிட்டு
என்னிடம் வந்து நிற்கிறார்கள்.

"வேடியப்பனை உக்கார வைக்கணும்"
என்கிறார் குகை சௌடப்பன்.
தறியை நிறுத்திவிட்டு வந்தவர்,
நின்ற தறிக்கும் சேர்த்தே கோபப்படுகிறார்.
"நாலு மேட்ச். நாலுலயும் டபுள் டச்.
அடிக்கிறவன் ஆகாசத்துல காத்திருக்கான்,
இவன் பிச்சை போடுற மாதிரி பந்தைப் போடுறான்."

"போன வருசம் கோயமுத்தூர்க்காரங்களை
அழ வெச்சது அந்தக் கைதானே?"
இது செவ்வாய்ப்பேட்டை அன்வர்தீன்,
கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுகிறவர்,
பேச்சில் பொடி வைக்கத் தெரியாதவர்.
"எனக்கும் ஒருநாள் கை நடுங்கும்.
அதுக்குன்னு பட்டறைய விட்டே துரத்துவீங்களா?"

"ஒருநாளா? நாலு மேட்ச்!"
"இன்னொரு செட் போடுக்கா, காரம் தூக்கலா."

கோச்சுக்குச் சொந்தக்காரன் என்கிறது ஒரு குரல்.
சொந்தமாவது, அவன் அப்பன்
மலையடிவாரத்தில் லோடு ஏத்துறவன் என்கிறது இன்னொன்று.
காதல் தோல்வி என்று ஒருத்தர் சத்தியமே செய்கிறார்.
இரும்பாலையில் ரிட்டையர் ஆன பரமானந்தம்
சாப்பிட்ட பேப்பர் தட்டைக் கவிழ்த்து
ஆறு புள்ளி வைத்து விளக்குகிறார்.
மூன்றாம் புள்ளியில் சட்னி ஊறிவிட்டது.
செட்டர் நிற்க வேண்டிய இடம் அதுதானாம்.

"சரி, எடுத்துட்டு யாரை எறக்குவீங்க?"
"பெஞ்சுல ஒரு பொடியன் இருக்கானே, பன்னெண்டாம் நம்பர்."
"அவனா? பேரென்ன?"
ஒருத்தருக்கும் தெரியவில்லை.

நான் வெங்காயம் நறுக்கினேன்.
பேர் திருமேனி.
அந்தப் பன்னிரண்டை நேற்றும் துவைத்தேன்.
வேர்வையே படாத சட்டை.
சோப்பு மிச்சம்.

விடாதீங்க சௌடப்பண்ணே,
இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க என்று
எனக்குள்ளே ஒருத்தி.
அன்வர்தீன் தட்டில் அன்றைக்குப் பீட்ரூட்
கொஞ்சம் குறைந்துதான் இருக்கும்.

எட்டரைக்கு விளக்கை அணைத்தார்கள்.
வாக்குவாதம் அஞ்சு ரோட்டுப் பக்கம் நடந்து போனது.
அப்புறம்தான் அவன் வந்தான்,
காலேஜ் பஸ்ஸை வேண்டுமென்றே விட்டுவிட்டு,
பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு.
"ஒரு செட்டுக்கா."
காசை இடது கையில் நீட்டினான்,
தப்பா நினைக்காதீங்க என்பதுபோல் சிரித்தான்.
வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும்
வெள்ளை டேப்பில் ஒன்றாக.
கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில்
நண்டு மாதிரி வடையைப் பிடித்தான்.
வாய்க்குப் போனது பாதி, மண்ணுக்குப் பாதி.

நாளெல்லாம் வேலை செய்கிற கைக்கு
இன்னொரு கை தெரியும்.
அது சுளுக்கு இல்லை.

இன்னொன்று போட்டுத் தந்தேன்.
அதற்குக் காசு வாங்கவில்லை.
கோச் காதில் ஒரு வார்த்தை போட்டால் போதும்.
அவனுக்கும் நல்லதுதானே, விரல் தேறும்தானே என்று
எத்தனை நியாயம் கிடைத்தது எனக்கு!
அஸ்தம்பட்டி மேடு முழுக்க
வண்டியோடு அந்த வார்த்தையையும் தள்ளிக்கொண்டு போனேன்.
அதுதான் கனம்.

வீட்டில் திருமேனி ஷூவை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.
"அந்த வேடியப்பன் விரலு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்மா."
தலையைத் தூக்கவில்லை.
"டேப் சுத்தி விடறதே நான்தான்."

ஈரமே இல்லாத சாக்ஸை உதறிக் கொடியில் போட்டான்.
சோறு இருக்கா என்று கேட்டான்.