ஐந்து பாயிண்ட் எழுத்து

நான்கு ரோட்டில், செருப்புக்கடை மாடியில்
எனக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர்,
மழைக்கு ஒழுகும் ஒரு மூலை.
கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பிளெக்ஸ்,
கண்ணீர் அஞ்சலி.
இடையில் பாக்கெட் வேலையும் வரும்.

பாலக்கோடு குப்புராஜ் சொல்வார்:
"முன்னாடி கேவுரு பெருசா இருக்கணும்,
கதிரு கண்ணுல குத்தணும்.
பின்னாடி சட்டத்துக்கு என்ன வேணுமோ
அத எங்கயாவது சொருகு."

சொருகினேன்.
மடிப்புக்குப் பக்கத்தில், இங்கிலீஷில்,
காவி நிறத்தின்மேல் கருஞ்சிவப்பில்
ஐந்து பாயிண்ட்:
நூற்றுக்கு அறுபத்திரண்டு கோதுமை மாவு,
ராகி ஏழு.
படிக்க முடியாதபடி எழுதுவதும்
ஒரு கைத்திறமைதான்.
அதற்கு இருநூறு ரூபாய் கூடவே வாங்கியிருக்கிறேன்.

ஆடி மாதத்து மத்தியானம் ஒன்றில்
பாப்பாரப்பட்டி பஸ்ஸில் வந்திறங்கினாள் மாதேஸ்வரி.
ஆதார் ஜெராக்ஸ் என்று நினைத்தேன்.
பையிலிருந்து எடுத்தாள்
கழுவி, காயவைத்து, நீவி அடுக்கிய
காலி பாக்கெட்டுகள் பதினொன்று.
"இதோட பின்பக்கத்த எல்லாம்
பெருசாக்கித் தர்றீங்களாண்ணா?"

மகன் நிகிலனுக்கு ஆறு வயசு.
கோதுமை ஆகாது, ஒரு துணுக்குகூட.
வயிறு உப்பி, கைகால் குச்சியாகி
ரெண்டு வருஷம் பூச்சி மருந்து குடித்தவன்.
சேலத்தில்தான் நோய்க்குப் பெயர் கிடைத்ததாம்.
அந்தப் பெயரை அவள் உச்சரிக்கவில்லை,
சீட்டை எடுத்து நீட்டினாள்.

மைதாவும் கோதுமைதான் என்று
அதுவரை யாரும் சொன்னதில்லை.
ரவை, சேமியா, சத்துமாவு டப்பாவின் மால்ட்...
பெருங்காயத்துக்குள் மைதா ஒளிந்திருந்து
ரசத்தில் இறங்கிய கதையைச் சொல்லும்போது
திருடனைப் பிடித்த போலீஸ்போலச் சிரித்தாள்.

பெரிதாக்கியதைச் சுவரில் ஒட்டுவாளாம்.
பள்ளிக்கூடத்தில் அவன் இன்னும்
ஏ ஃபார் ஆப்பிளில் இருக்கிறான்.
வீட்டில் டபிள்யூவுக்குப் போய்விட்டான்.

ஒவ்வொன்றாய் ஸ்கேனரில் கவிழ்த்தேன்.
ஏழாவது என்னுடையது.

மூடியின் கீழ் வெளிச்சம் ஊர்ந்தது.
சொருகியதெல்லாம் திரையில்
கட்டைவிரல் பருமனில் வந்து நின்றது.
"ராகின்னு போட்டிருந்தானே, நம்பிக் குடுத்தேன்.
நாலு நாள் ஸ்கூலுக்குப் போகல" என்றாள்.

போட்டிருந்தானே.
அந்த 'ஆன்' நான்தான்.

சொல்லவில்லை.
பதினொன்றுக்கும் காசு வாங்கினேன்,
பத்து ரூபாய் குறைத்துக்கொண்டு.

படியில் ஒரு கால் வைத்தபடி திரும்பிக் கேட்டாள்:
"கறி இல்லன்னு சொல்ல
ஒரு பச்சைப் புள்ளி வெக்கிறாங்களே,
எழுத்து தெரியாதவங்ககூடப் பாத்துக்கறாங்க.
கோதுமைக்கு ஒரு புள்ளி வெச்சா
மை ரொம்பச் செலவாகுமாண்ணா?"

குப்புராஜிடம் இதைக் கேட்டேன்.
"கோதுமை உண்டுன்னு கொட்டை எழுத்துல போட்டா
ராகின்னு எவன் வாங்குவான்?"
என்னிடம் பதில் இல்லை.
டீ வந்தது, குடித்தோம்.
டம்ளரைக் கீழே வைக்கும்போது
ஒரு வரிக்கு இறங்கி வந்திருந்தார்:
தமிழில், விலைக்குக் கீழே, அதே ஐந்து பாயிண்ட்.

தீபாவளி ஆர்டருக்கு ஆறு வைத்தேன்.
பொங்கலுக்கு ஏழு.
மாசியில் அந்த இடத்துக் காவியை மட்டும் உரித்து
வெள்ளையாக்கினேன்.
கேட்டால் பிளேட் கோளாறு என்று சொல்ல
பதில் தயாராக இருந்தது, கேட்கவில்லை.
கதிரின் ஒரு தாளை வெட்டி
அரை சென்டிமீட்டர் எடுத்துக்கொண்டேன்.
அவர் முன்பக்கம் மட்டுமே பார்ப்பவர்.

நேற்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு
புது பாக்கெட்டைக் கை நீட்டிப் பிடித்தேன்.
கோதுமை உண்டு.
முழங்கை தூரத்துக்குத் தெரிகிறது.

கடைகளில் பிஸ்கெட் அலமாரி
அதைவிடக் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது.